நான் சொல்ல வேண்டிய வேகம்

12-8-2006, சனி. விருத்தாசலம்.

நாளை மறுநாள் புதுச்சேரியில் ரெக்கார்டிங். இந்த வயதில், முதல் முறையாக என் பெயரில் ஒரு ராக் ஆல்பம். இன்று பீங்கான் குடோனில் கடைசி ஒத்திகை. ட்ரம் ஸ்டிக்கைத் தட்டி, "ஒன், டூ" என்று எண்ணினேன். யாரும் தொடங்கவில்லை.

"சார், வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டா எங்களுக்கு எப்படிங்க கேக்கும்?" என்றார் கிடார் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, வேகமாவா, நிதானமாவாங்க?" என்று செல்வமே கேட்டார்.

"உங்களுக்கு எப்படி வசதியோ" என்றேன்.

அவர் கிடாரைக் கீழே வைத்துவிட்டார். "இத்தினி வருசமா அடுத்தவங்க பாட்டுக்கு வாசிச்சீங்க. இது உங்க பாட்டு. நீங்கதான் சொல்லணும்."

நிதானமாகத்தான் வேண்டும். தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இதுவரை பாட்டு சரியில்லை என்றால் பாடகரைத்தான் குறை சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்கவில்லை. இப்போது நான் கேட்டபடியே எல்லோரும் வாசித்து, அதுவும் நன்றாக இல்லாமல் போனால்?