கெட்டிக் காப்பி

12-7-1958, சனி

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் தூத்துக்குடியிலிருந்து இவருடைய அக்கா, என் மதினி, குடும்பத்தோடு குளிக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாங்கிய ஒரு படி பாலில் எட்டுப் பேருக்குக் காப்பி போட்டேன்.

"ஏட்டி, நல்லா கெட்டியா இருக்கு. இன்னொரு டம்ளர் தா" என்றார் மதினி.

இரண்டாவது டம்ளரில் இன்பம் குறையும் என்று கல்லூரியில் பொருளாதாரத்தில் படித்தேன். மதினி மூன்றாவதும் கேட்டார்.

மிச்சப் பாலில் தண்ணீர் விட்டு என் பத்து மாதப் பிள்ளைக்குக் கொடுத்தேன். பசி தீராமல் அழுதாள்.

"பல்லு மொளைக்குல்லா, அதான் அழுதா" என்றார் மதினி.

நானும் ஆமாம் என்றேன்.

ஒருவர் தேர்ந்தெடுப்பதை வைத்தே அவருக்கு எது பெரிது என்று சொல்லிவிடலாம் என்றும் படித்திருக்கிறேன். இன்று நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்?

நாளை பால் வந்ததும் முதலில் பிள்ளைக்கு எடுத்து வைக்க வேண்டும். காப்பி தண்ணியாக இருக்கட்டும். மதினி அடுக்களையில் நிற்கும்போது கை அதைச் செய்யுமா என்றுதான் தெரியவில்லை.