நீ கடைசியாக வைத்த கல்

இன்று காலை ஜனக்புரி வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஈரச் சிமென்ட் வாசனை. கல்லின்மேல் கல்லாக, பூச்சே இல்லாமல் சுவர் அடுக்கும் நம் வேலையில் வரவே கூடாத வாசனை. மிஸ்திரி ஒருவர் சட்டியில் கலவையோடு நின்றிருந்தார், நீ கடைசியாக வைத்த கல்லுக்கு எதிரே.

"அது ஆடறதும்மா," என்றார் வீட்டுக்கார மாமா. "கொஞ்சம் பூசிட்டா அப்படியே நின்னுடும். அவ ஞாபகமா இருக்கட்டுமே."

முதல் நாள் இதே மாமா, "அச்சா, சிமென்ட் இல்லாம சுவரா? விழுந்துடாதா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "சிமென்ட் போட்ட உங்க வாசப்படி ரெண்டா பிளந்திருக்கே மாமா, அதை யார் தள்ளினா?" என்றாய். சிரித்துவிட்டார். அன்று மாலைக்குள் அவரே நமக்குக் கல் பொறுக்கித் தர ஆரம்பித்திருந்தார்.

இடித்த வீடுகளின் அஸ்திவாரக் கற்களை டெம்போவில் கொண்டுவருவோம். அழகான கல் கிடைத்தால் அதன் அகலப் பக்கம் வெளியே தெரியும்படி வைக்க எனக்குக் கை பரபரக்கும். "நீளம் உள்ளே போகணும்டி. முகத்தைக் காட்டினா போட்டோவுக்கு நிக்கும், மழைக்கு நிக்காது" என்பாய்.

கடைசியாக நீ வேலைக்கு வந்த அன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு கல் வைத்தாய். இளஞ்சிவப்பு வரி ஓடிய அகலமான கல். அதைத் திருப்பி உள்ளே செலுத்த உன் கையில் வலு இல்லை. முகம் வெளியே தெரிய, சும்மா சாத்தினாய். "நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்," என்றாய். மறுநாள் உன்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அவள் தொட்டதை எல்லாம் அப்படியே வைத்துக்கொள். நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? கட்டியது கோணினால் அரைச் சுவரையே பிரித்துப்போட்டவள் நீ. உன் தளர்ச்சியைச் சிமென்ட் பூசிக் காப்பாற்ற நான் விடமாட்டேன்.

கலவையை வாசற்படிக்குப் போடுங்கள் அண்ணா என்று மிஸ்திரியை அனுப்பினேன். கல்லை உருவினேன்.

"அவ கை பட்டதை எடுக்கறியே, மனசு வருதா?"

"வருது மாமா."

அவர் உள்ளே போய்விட்டார். கல்லைத் திருப்பி, நீளத்தை உள்ளே செலுத்தி, பின்னால் சில்லுக் கற்களை இறுக்கினேன். இப்போது வெளியே தெரிவது உள்ளங்கையளவுதான். இளஞ்சிவப்பு வரி சுவருக்குள் போய்விட்டது. இனி அதைக் காட்டி யாரும் உச்சுக்கொட்ட முடியாது.

முழங்கால் உயரச் சுவர். ஒரு வரிசை முடிந்ததும் அதன்மேல் ஏறி நின்று பார்ப்பாயே, நானும் ஏறி நின்றேன். முழு எடையையும் அந்தக் கல்லின்மேல் போட்டேன். அசையவில்லை. ஜன்னல் வழியாக மாமா பார்ப்பது தெரிந்தது.

நான் உடனே இறங்கவில்லை.