நாற்பத்தேழாம் இதழ், பதினேழாம் பக்கம்

மார்ச் 17, செவ்வாய்

குட்டிக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். நூறைத் தாண்டவில்லை. இருந்தும் ஆறு தடவை வைத்துப் பார்த்தேன். ஏழாவது தடவைக்குக் கை நீண்டபோது இவர் தெர்மாமீட்டரைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்துவிட்டார். "அதுக்கே காய்ச்சல் வந்துடப் போகுது, விடு."

குட்டி தூங்கிய பிறகு எங்கள் பழைய காமிக்ஸ் குழுவைத் திறந்தால் நூற்றுப் பத்து செய்திகள். என்ன கலவரம் என்று மேலே போய்ப் பார்த்தேன். குழுவில் இருக்கும் பல் டாக்டருக்கு முழு நாற்பத்தேழு கிடைத்திருக்கிறது.

பத்து வருஷம் கழித்து இந்த நோட்டைப் புரட்டினால் எனக்கே புரிய வேண்டும், அதனால் விவரமாக எழுதி வைக்கிறேன். 'வால்நட்சத்திரம்' மாத இதழில் வந்த தொடர் 'சாம்பல் முகமூடி'. பெரிய வீடுகளில் புகுந்து எதையும் எடுக்காமல், பூட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் ஒரு ஆள். காலையில் வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு வெளியே நிற்பான். நாற்பத்தேழாம் இதழ், பதினாறாம் பக்கம், கடைசிக் கட்டத்தில் முகமூடி கழன்றுவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு நேர் பின்னால், பதினைந்தாம் பக்கத்தில், ஒரு கூப்பன். வெட்டி அனுப்பினால் காகித முகமூடி இலவசம். அத்தனை பிள்ளைகளும் வெட்டினார்கள். அத்தோடு இதழும் நின்றுபோனது. இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கிற எல்லா நாற்பத்தேழிலும் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. என்னுடையதிலும்தான்.

முகமூடிக்குள் யார் என்று குழுவில் வருஷக்கணக்காகச் சண்டை. இன்ஸ்பெக்டர் என்பதுதான் பெரும்பான்மை. பஸ் கண்டக்டர் ஒருத்தர் மட்டும் கதையில் வரும் காவல்காரன் என்பார்.

பைண்டர் அண்ணன் குரல் செய்தி போட்டிருந்தார். புத்தகம் தைக்கிற கடை வைத்திருப்பவர், ஒன்று முதல் நாற்பத்தாறு வரை ஒரு பக்கம் குறையாமல் வைத்திருக்கும் ஒரே மனிதர். "நாப்பத்தாறையும் தர்றேன் டாக்டர். அந்த ஒண்ணைக் குடுங்க." ஒன்பது வயதில் அந்தக் கூப்பனை வெட்டி அனுப்பியவர் அவர். "முகமூடியும் வரல, முகமும் போச்சு" என்று சொல்லாத கூட்டம் கிடையாது.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு கூட்டத்தில் மாற்றிக்கொள்ளப் போகிறார்களாம்.

மார்ச் 18, புதன்

டாக்டர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். இன்ஸ்பெக்டரேதான். மீசை, நெற்றித் தழும்பு எல்லாம் கச்சிதம். கண்டக்டர் புலம்பினார்: "பதினஞ்சு வருஷமா காவக்காரனுக்கு ஓட்டுப் போட்டேன். டெபாசிட் போச்சு."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ஒரு கைதட்டல் போட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன்.

சிவப்பு சரியில்லை.

பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் நான்கு வருஷம் நிறம் ஒப்பிட்ட கண் இது. இப்போது விடுப்பில் இருக்கிறது, குருடாகவில்லை. அந்தக் காலத்து மலிவு அச்சில் சிவப்பு, வரைந்த கோட்டைத் தாண்டி நகர்ந்து விழும். இந்தப் பக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் ஒரு மயிரிழை இடதுபுறம் நகர்ந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் கோட்டுக்குள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே தாள், ஒரே அச்சு. அது எப்படி?

குட்டி விஷயத்தில் எனக்கு எல்லாமே சந்தேகம். இதில் சந்தேகமே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

பைண்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். சிவப்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "போன்ல எடுத்த படம் தங்கச்சி. அதுல நிறத்தப் பத்திப் பேசலாமா?"

"நிறம் இல்லண்ணே, இடம். சிவப்பு உக்காந்திருக்கிற இடம்."

"உனக்கும் ஓட்டைதான் இருக்கு. எல்லாருக்கும் ஓட்டைதான். ஒருத்தருக்கு முழுசா கிடைச்சா பொறாமையா இருக்கத்தான் செய்யும்."

பொறாமையா. என்னைப் பார்த்தா சொன்னார்? நான் வாயும் வயிறுமாக கூட்டம் நடக்கிற ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏற முடியாமல் நின்றபோது, கூட்டத்தையே கீழே தெருவுக்கு இறக்கிக்கொண்டு வந்த மனுஷன். அவர் வாயிலிருந்து.

சரி. அந்த நாற்பத்தாறு கை மாறினால் திரும்பி வராது. டாக்டர் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார், அது அவர் வழக்கம். அண்ணன் கையில் ஒரு பொய் மிஞ்சும். அது நடக்கக் கூடாது.

மார்ச் 21, சனி

மூக்கு ஒழுகல். மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குள்தான். திரும்ப எண்ணினேன், முப்பத்தாறு. ஏன் குறைந்தது?

மார்ச் 26, வியாழன்

இன்று மத்தியானம் நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும்.

குட்டி மேலே ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். ஒரு கையில் அவள். இன்னொரு கையில், உறையை விட்டு எடுத்த என் நாற்பத்தேழு. (கை உலர்ந்திருந்தது. அந்த விதியை எந்த நிலையிலும் மீறியதில்லை.) பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றால் அழுகை நிற்கும், நின்றது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்து, வழக்கம்போல என் பின்னலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

கண்ணாடிக்குள் பார்த்தேன். குட்டி கையில் பின்னல். என் கையில் விரித்த புத்தகம். அதிலும் ஒரு பின்னல்.

ஓட்டைப் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில், பதினேழில், வெற்றுப் பழுப்பாகத் தெரியும் இடத்தில், புகை மாதிரி. நேரே பார்த்தால் அழுக்கு. கண்ணாடியில் பார்த்தால் கோடு.

மை முழுதாகக் காய்வதற்குள் கட்டுக் கட்டாகக் கயிறு போட்டு இறுக்கி அனுப்பியிருப்பார்கள். அமுங்கிய பக்கம் எதிர்ப்பக்கத்தில் தன்னை ஒற்றிவிட்டது, இடவலமாகத் திரும்பி. கூப்பன் அதற்குப் பிறகுதான் வெட்டுப்பட்டது. இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் ஓட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே இருந்த பக்கத்தை ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மையோடு வாழ்கிற பைண்டர் அண்ணன் உட்பட.

மார்ச் 30, திங்கள்

காரணம் சொல்லாமல் குழுவில் கேட்டேன்: ஓட்டை நாற்பத்தேழு வைத்திருப்பவர்கள் பதினேழாம் பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள்.

கண்டக்டர்: "ஊரே முகத்தத் தேடுது. நீங்க என்னம்மா எதிர்வீட்டுச் சுவத்தப் பாக்குறீங்க?"

"சுவத்துல சொந்தக்காரங்க நிழல் விழுந்திருக்கும்ல."

பதினொரு பேர் அனுப்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷங்க.

ஏப்ரல் 3, வெள்ளி

படங்களை ஒரே அளவில் அச்செடுத்து, இடவலம் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் வைத்து ஒவ்வொன்றிலும் தெரிந்த கோட்டை மட்டும் வரைந்தேன். குட்டியின் மூன்று பகல் தூக்கங்கள் இதற்கே போயின. ஒரு பிரதியில் ஆணி. இன்னொன்றில் அதில் தொங்கும் முகமூடி. கண்டக்டருடையதில் ஒரு பிடரி. என்னுடையதில் பின்னல். பதினொன்றாவதில், பின்னல் முனையில், ரிப்பன் முடிச்சு.

முகமே இல்லை. முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அவ்வளவுதான் கட்டம்.

ஜன்னல் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. குட்டி எழுந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லலாமா? இவர் கேட்டார், "சொன்னா நம்புவாரா?" மாட்டார். போனில் சொன்னால் அது என் வார்த்தை. புத்தகத்தில் பார்த்தால் அது புத்தகத்தின் வார்த்தை.

நேரில் போக வேண்டும். அதாவது, குட்டியை விட்டுவிட்டு. பிறந்ததிலிருந்து அரை மணிக்கு மேல் பிரிந்ததில்லை. நான்கு மணி நேரம்.

எதற்குப் பயம் அதிகம் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்கு இல்லை.

ஏப்ரல் 11, சனி

இவருக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன். பால் எவ்வளவு, சூடு எவ்வளவு, தும்மினால் என்ன, இருமினால் என்ன, இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன. மூன்று பக்கம். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எது எதெல்லாம் பரீட்சைக்கு வரும்?" என்றார். முறைத்தேன். "நானும் அவளுக்கு ஏதோ ஒரு வகையில சொந்தம்தான்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஜெராக்ஸ் கடை மாடி. பதினாலு பேர். மேஜையில் வெள்ளைத் துணி. தேநீர் வாசலுக்கு வெளியே. பைண்டர் அண்ணன் நாற்பத்தாறையும் இரண்டு பைகளில் சுமந்து வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். படியேறுவதற்குள் வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்திருந்தேன்.

மாற்றிக்கொள்வதற்கு முன்னால் பக்கம் புரட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. உடையவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவார். மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்க்கலாம். பெரிய பெரிய ஆட்கள் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். டாக்டர் கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைப்பையில் பல் பார்க்கும் சிறு கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. பதினாறு வந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம், அத்தனை நிதானம். "பதினாறு வேண்டாம். பதினேழைப் பாருங்க. கீழ, இடது ஓரம். உங்க பையில இருக்கிற கண்ணாடியாலயே பாருங்க."

"அங்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னா ஒரு நிமிஷம்தான் வீண்."

கண்டக்டர் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். டாக்டர் கடைவாய்ப் பல்லைத் தேடுவதுபோல் கண்ணாடியை நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். நான் பட்டர் பேப்பரை எடுத்து மேஜையில் விரித்தேன். ஒரே பின்னல். ஒரே ரிப்பன். அவருடைய பிரதியும் ஒரு காலத்தில் ஓட்டைதான். யாரோ வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவனுக்கும் எதிர்ப்பக்கம் நினைவில்லை.

"அது கயிறு" என்றார் கண்டக்டர்.

"கயித்துக்கு யாராவது ரிப்பன் கட்டுவாங்களா?"

"ஏதாவது பரிசுப் பொட்டலமா இருக்கும்." காவல்காரனை அவ்வளவு லேசில் விடமாட்டார்.

டாக்டர் இன்ஸ்பெக்டர் கட்டத்தின் கோட்டின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டினார். ஒட்டிய ஓரம் தட்டியது. உட்கார்ந்துவிட்டார். "வாங்கினப்ப இத வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. பாக்க வேணாம்னு இருந்துச்சு" என்றார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் யார் பார்த்திருப்போம்?

பட்டர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்த பைண்டர் அண்ணன் சட்டென்று குனிந்து தன் பையைப் பிரித்தார். மூன்றாம் இதழ். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். முதலாளி கூலி தராமல் துரத்திவிடும் பூட்டுக்காரர், வாசலில். அவர் பின்னால், ஒரே ஒரு கட்டத்தில், அவர் மகள். பின்னல். ரிப்பன். நேராக நம்மைப் பார்க்கிற முகம்.

பூட்டை மட்டும் மாற்றுகிற ஆள் வேறு யாராக இருக்க முடியும்?

"முப்பத்தாறு வருஷமா வீட்லயே வச்சிருக்கேன்" என்றார் அண்ணன். பிறகு அந்த இதழை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையைத் தன் காலோடு அணைத்து வைத்துக்கொண்டார். டாக்டரும் கேட்கவில்லை.

இறங்கும்போது அண்ணன் என்னைப் படியில் நிறுத்தினார். "பொறாமைன்னு சொல்லிட்டேன்ல."

"சொன்னீங்க."

"நாலு நாள் தூங்கியிருக்க மாட்டே."

"நான் எட்டு மாசமா தூங்கலண்ணே."

சிரித்தார்.

வீட்டில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சை எண்ணவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, திங்கள்

முதல் பல். கீழே, இடதுபக்கம். டாக்டருக்குப் படம் அனுப்பினேன். "இது ஒரிஜினல்" என்று பதில் போட்டார்.

மே 10, ஞாயிறு

கூட்டத்துக்குப் போய்வந்தேன். ஒட்டியிருந்த இன்ஸ்பெக்டரைப் பைண்டர் அண்ணன் ஆவி காட்டி, ஓரம் கிழியாமல் கழற்றிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் தன் நாற்பத்தேழை எல்லாருக்கும் காட்டினார். "நல்ல சுத்தமான ஓட்டை" என்று கண்டக்டர் சான்றிதழ் கொடுத்தார். அண்ணன் மூன்றாம் இதழைக் கொண்டு வந்திருந்தார். இனி எல்லாக் கூட்டத்துக்கும் கொண்டு வருவாராம். ஜூனில் நான் வேலைக்குத் திரும்புவதைச் சொன்னேன். இரண்டாம் ஞாயிறு மாறாது என்பதையும் சொன்னேன்.

திரும்பி வரும்போது பேச்சு நீண்டு, ஆறு மணியாகிவிட்டது. கதவைத் திறந்த இவர் தோளில் குட்டி. சட்டை முழுக்கப் பால்.

"காலையில லிஸ்ட் குடுக்காமலே போயிட்டே" என்றார்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன், "எந்த லிஸ்ட்?"