எழுதி வாங்கிய மன்னிப்பு

சார்,

காந்திபுரத்தில் என் பிசியோதெரபி கிளினிக்கில், வலிக்குச் சூடு வைக்கும் ஹாட் பேக்கை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். வெந்த துணியின் வாடை மூக்கில் ஏறியது. அப்போதுதான் கூடப் படித்த சுகந்தி போன் செய்தாள். நீங்கள் போய்விட்டீர்களாம். "நல்ல மனுசருடி. ஒருத்தரையும் வாடி போடின்னு கூப்பிட்டதில்ல" என்று அழுதாள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராது.

வாஸ்தவம்தான். நீங்கள் யாரையும் மரியாதைக் குறைவாகக் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க அம்மணி, நீங்க படிச்சீங்களா, மாடு மேய்ச்சீங்களா?" என்று நோயாளிகள் முன்னால் கேட்பீர்கள். ஒவ்வொரு திட்டிலும் ஒரு 'ங்க'. உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த நாங்கள் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவோம். அந்த மரியாதைக்குப் பதிலாக உங்களிடம் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

சென்னிமலையிலிருந்து தோள்வலியோடு வந்த நெசவுக்காரரை நீங்கள் அன்று சாயங்காலமே மறந்திருப்பீர்கள். சர்க்கரை நோயாளி. சூடு வைக்கும் முன், சூடும் குளிர்ச்சியும் அவருக்குத் தெரிகிறதா என்று தோலில் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? நான் அதற்கான கண்ணாடிக் குழாய்களை எடுக்கப் போனபோது, "வெளிய பதினஞ்சு பேர் உக்காந்திருக்காங்க அம்மணி. அதெல்லாம் பரீட்சைக்கு வெச்சுக்குங்க. பேக்கப் போடுங்க" என்றீர்கள். போட்டேன். அது என் தப்பு, மறுக்கவில்லை. கால்மணி நேரம் கழித்துத் துண்டை எடுத்தால் தோளில் கொப்புளம். அவருக்குச் சுட்டதே தெரியவில்லை.

அவர் மகன் சத்தம் போட்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? "ஸ்டூடண்ட் புள்ள கேக்காமக் கொள்ளாம செஞ்சுபோட்டாங்க" என்று என்னைக் கை காட்டினீர்கள். அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். என் கேஸ் நோட்டு உங்கள் மேஜைமேல் கிடந்தது. அதில் உங்கள் கையெழுத்து இல்லாமல் நான் பரீட்சை எழுத முடியாது. எங்கள் ஊர் கோபியில் அப்பா, மகள் இந்த வருஷம் முடித்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதினேன். நீங்கள் சொல்லச் சொல்ல, 'யாரும் சொல்லாமல் நானாகவே வைத்தேன்' என்று எழுதினேன். வாங்கி மடித்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். த்தூ!

கடிதத்தை என் கையாலேயே அந்த நெசவுக்காரரிடம் கொடுக்க வைத்தீர்கள். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "படிக்கற புள்ள. தெரியாம நடந்துபோச்சு, உடு" என்று மகனை அடக்கிவிட்டு, என் தலையில் கை வைத்து, "நீ நல்லாருப்ப கண்ணு" என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கதவருகே நீங்கள் நின்றிருந்தீர்கள். மூடிக்கொண்டேன்.

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாதாம், சுகந்தி சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது பேச விட்டீர்களா? படத்திறப்புக்கும் கூப்பிடுகிறாள். வர மாட்டேன். அந்தப் பெரியவர் மனசார ஒரு மன்னிப்புக் கொடுத்தார். அது ஆள் மாறி என்னிடம் வந்துவிட்டது. இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. உங்களுக்குச் சேர வேண்டியது அது. தர மாட்டேன், சார்.