ஆலிவ் இல்லாத பாதி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததை ஒன்றுவிடாமல், உண்மையாக எழுதப்போகிறேன். கூட்டி எழுதமாட்டேன். உன் மனம் நோகுமே என்று குறைத்தும் எழுதமாட்டேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலம்தான். ஆனால் நான் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சின்னச் செய்திகள். கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவள் ஒரு பத்தியை நூலகப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாள். ஆசிரியையிடம் சொன்னேன். "பொறாமைப்படக் கூடாதும்மா" என்றார். அது வேறு கோபம், இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் கட்டிலில் இஸ்திரி போடவேண்டிய துணிகள் மலையாகக் கிடக்கின்றன. மடித்து உள்ளே வைக்கட்டுமா என்றால், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும், கட்டில் காலியா இருந்தா பார்க்கச் சகிக்கல" என்கிறார் அம்மா.

அப்பாவின் பிறந்தநாளுக்கு நம் தெருமுனை இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். நீ வீட்டைவிட்டுப் போன பிறகு இதுதான் முதல் தடவை. அதே சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு. நீ மெழுகுவர்த்தியால் பொசுக்கிய ஓட்டையின்மேல் இன்னும் உப்புக் குப்பியை வைத்து மறைக்கிறார்கள். அதே சுவரோர மேசை, நான்கு நாற்காலிகள். நான்காவதில் அம்மா கைப்பையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில், அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஓர் அம்மாள் கணவரோடு உட்கார்ந்திருந்தார். "சார் பக்கத்துல இருந்தா எனக்கு ஸ்பூன்கூடத் தடுமாறுது" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?" என்று கேட்டார்.

அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ஒரே பொண்ணுதான்" என்றார்.

என் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன், அக்கா. குரல் தடுமாறவில்லை. கடையில் விலை கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். அந்த அம்மாள், "ஒத்தப் பிள்ளையா? அப்ப வீட்ல உன் ராஜ்ஜியம்தான்" என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பழைய துணிகளைப் போட்டு வளர்ந்தவள் நான். அந்த நிமிஷம் நான் போட்டிருந்ததுகூட உன் நீலச் சட்டைதான். அது எங்கிருந்து வந்ததாம்? மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு, கைத்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அப்போது பரிமாறுபவர் வந்தார். வேலைக்குப் புதியவர், சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிறவர். அப்பா எப்போதும்போல மெனு அட்டையைத் திறக்கவில்லை. "பெரிய பீட்சா ஒண்ணு. பாதியில ஆலிவ் போடாதீங்க" என்றார். அவரும், "பெரிசு ஒண்ணு, பாதியில ஆலிவ் இல்லாம. சரிங்களா சார்?" என்று கேட்டார். அப்பா "ம்" என்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அது உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்தது. துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

பீட்சா வந்தது. ஒரு பாதி முழுக்கக் கறுப்பு வட்டங்கள், மறுபாதி வெறுமை. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "யாருப்பா இதைப் பாதி மொட்டையா விடச் சொன்னது?" என்றார். "நீங்கதான் சார் சொன்னீங்க" என்றார் அவர். "நான் எதுக்குச் சொல்றேன்? எங்க வீட்ல எல்லாரும் ஆலிவ் சாப்பிடுவோம்" என்று அப்பா குரலை உயர்த்தினார்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா அங்கிருந்தே, "காதை எங்க கழட்டி வச்சிட்டு வர்றே? போன வாரம்தானே சொன்னேன், இன்னொரு தடவை இப்படின்னா வேலைக்கு வராதேன்னு" என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் தட்டை எடுக்கக் குனிந்தார்.

இதற்கு மேல் எப்படி உட்கார்ந்திருப்பேன்? எழுந்து நின்றேன். "அவர் மேல தப்பில்ல. அப்பாதான் சொன்னாங்க, நானே கேட்டேன். அக்காவுக்கு ஆலிவ் பிடிக்காது, அதான்" என்றேன். அப்படிக் கத்தவேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் கத்தித்தான் விட்டேன்.

"அக்காவா?" என்றார் பக்கத்து மேசை அம்மாள். அவர் கணவர் அவர் முழங்கையைத் தொட்டார். இருவரும் திடீரென்று தங்கள் தட்டில் மும்முரமாகிவிட்டார்கள்.

அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பழகும் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதை மிதிப்பாரே, அப்படி. வண்டிதான் நிற்கவில்லை. எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அம்மா தட்டின் விளிம்பைப் பிடித்து, "மாத்த வேண்டாம், இருக்கட்டும்" என்றார். பிறகு, ஆலிவ் இல்லாத பாதி அந்த நான்காவது நாற்காலிப் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பிவைத்தார்.

அப்பா பரிமாறுபவரை நிமிர்ந்து பார்க்காமல், "நான்தாம்பா சொன்னேன்" என்றார். முதலாளியம்மாவுக்குக் கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாளிடமும் திருத்திச் சொல்லவில்லை. ஆகவே என் கோபம் தீரவில்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று உனக்கு இனிப்பாக எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

உன்மேலும் கோபம் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளப்போவதை என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் யாரிடமும் வாய் திறந்திருக்கமாட்டேன். உண்மையைச் சொல்வது வேறு, கோள் சொல்வது வேறு என்று எனக்குத் தெரியாதா? அத்தானை விசாரித்ததாகச் சொல். அத்தான் என்று அழைக்க யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நானே அழைக்கிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு வா. வரட்டுமா என்று கேட்டு எழுதாதே. கேட்டால் அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார். ஒரு மத்தியான வேளையில், பசியோடு வந்து நில்.

இப்படிக்கு,
ஒரே பெண்ணாக இருக்கச் சம்மதிக்காத
உன் தங்கை

பின்குறிப்பு: ஒன்றை விட்டுவிட்டேன். விட்டால் நான் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். நாங்கள் எங்கள் பாதியைத் தின்று முடித்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் சாயங்காலம் வரை கடையை மூடிவைப்பார்கள் அல்லவா, நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பரிமாறுபவர் மிச்சப் பாதியைக் காட்டி, "கட்டித் தரட்டுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். அவர் தலையாட்டிவிட்டு, எங்கள் மேசையின் நான்காவது நாற்காலியை மட்டும் கவிழ்க்காமல் போனார். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.