வெள்ளை மையில் அப்பாவின் முகம்

அக்கா,

இன்று காலை இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய அச்சுச் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கிடைத்தது. கடைக் கண்ணாடிகளில் ஒட்டுவதற்கு நாம் அச்சடிப்போமே, அந்தத் தாள். மஞ்சள் பாய்ந்து, ஓரமெல்லாம் விறைத்துக் கிடந்தது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். பழக்கம் விடவில்லை, கறுப்புக் குடையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளை மையில் உங்கள் அப்பா. கண்மணிகள் வெள்ளையாக, நரைத்த தலை கறுப்பாக. அலமாரியை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உங்களைச் சாது என்றும் பொறுமைசாலி என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. உங்களோடு ஒரே மேசையில் மை குழைத்தவளுக்கல்லவா தெரியும், எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி நீங்கள் என்று. உங்களைத் திட்டாமல் என்னால் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அச்சுக்கூடம் ஞாபகம் இருக்கிறதா? ஜார்ஜ் டவுனில் அந்த நசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடி. கீழே குழம்பு வாசனை, மேலே தின்னர் வாசனை. பசை இல்லாமலே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் தாள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. கிளினிக் கதவுகள், முடிதிருத்தகங்கள், காப்பிக் கடைகள் என்று எல்லாருக்கும் வெள்ளை எழுத்துதான் வேண்டும். ஒளி ஊடுருவும் தாளில் வெள்ளை மை விழுந்தால் விழுந்ததே தெரியாது. அதற்காக மேசை முழுக்கக் கறுப்புத் துணி விரித்து வைத்திருந்தீர்கள். கடைக்குள்ளிருந்து ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டும் என்பதால் எழுத்தைத் திருப்பி அடிப்போம். அதில் ஒரு நாளும் நீங்கள் பிசகியதில்லை. முகம் மட்டும் நாம் வெள்ளையில் அடித்ததே கிடையாது. பனியன்களில் கறுப்பு மையில் அடித்ததோடு சரி.

உங்கள் அப்பா ரயில்வேயில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வாலிபத்தில் வந்தவர். கடைசிக் காலத்தில் நினைவு தப்பிக்கொண்டிருந்தது. காலை எது மாலை எது என்று தெரியாது. இனிப்புநீர் நோய் வேறு. இரண்டு வேளையும் நீங்களே ஊசி போடுவீர்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை.

அன்று மாலை முழுக்கத் தேடினோம். போலீசில் ரிப்போர்ட் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஒவ்வொரு கோயிலாகப் பார்த்தோம். ஊசி இல்லாமல் இரண்டு மூன்று நாள் போனால் மயக்கம் வந்துவிடும், அப்புறம் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு சின்ன பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதற்குள் மருந்துப் புட்டியை வைத்து அதைத் தோளில் மாட்டிக்கொண்டே அலைந்தீர்கள். "அதக் கொஞ்சம் நான் வச்சிக்கிறேன் குடுங்கக்கா" என்றால் தரமாட்டீர்கள்.

சனிக்கிழமை அவர் படத்தை நகலெடுத்து கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதைத் தூண்களில் எல்லாம் ஒட்டினோம். நகலில் முகம் கரிக்கட்டையாக விழுந்திருந்தது. அது போதாது என்று பிற்பகலில் கொட்டிய மழையில் பாதிக் காகிதம் கரைந்து சாக்கடைக்குப் போனது. நீங்கள் ஒரு தூணில் தொங்கிய ஈரக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "கண்ணாடிக்கு உள்ள ஒட்டினா மழ என்ன செய்யும்?" என்றீர்கள். பசை இல்லாத தாள் என்றால் கடைக்காரர்களும் மறுக்கமாட்டார்கள். நல்ல யோசனைதான். உடனே படத்தை எடுத்துக்கொண்டு அச்சுக்கு பிலிம் எடுக்கும் கடைக்கு ஓடினீர்கள். கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்தும் நேரம். "வழக்கம்போலத்தானே?" என்று கேட்டார். "ஆமாம், வழக்கம்போல" என்று சொல்லி வாங்கி வந்தீர்கள்.

அந்த வார்த்தையில்தான் வந்தது வினை.

ஞாயிறு காலை முதல் தாளை அடித்து நீங்கள் சட்டத்தைத் தூக்கியதும் நான் அலறாத குறை. கறுப்புத் துணிமேல் யாரோ ஓர் ஆள் கிடந்தான். கறுத்த தலை, சுண்ணாம்பு அப்பிய முகம், கண்ணுக்கு நடுவில் இரண்டு வெள்ளைப் பொட்டு. கறுப்பு மைக்கு நிழல் அச்சாக வேண்டும், வெள்ளை மைக்கு வெளிச்சம் அச்சாக வேண்டும். வழக்கம்போல, பனியனுக்கு எடுப்பதுபோல் நிழலுக்கு எடுத்த பிலிமைக் கொண்டுவந்து வெள்ளையில் அடித்துவிட்டோம். கை வேலையில் எறும்பு அளவு பிழைகூட விடாத நீங்கள், உங்கள் அப்பாவின் முகத்தில் போய்ப் பிழை விட்டீர்கள்.

"நிறுத்துங்கக்கா. இத யாருக்கும் அடையாளம் தெரியாது. நாளைக்குக் கடை தொறக்கட்டும், வேற பிலிம் எடுத்துக்கலாம்."

"நாளைக்கு வரைக்கும் அப்பா இருப்பாரா?"

"அதுக்காக? பெத்த மகளுக்கே அடையாளம் தெரியாத மூஞ்சிய ஊரெல்லாம் ஒட்டுவீங்களா?"

"எழுத்து தெரியுதுல்ல. போன் நம்பர் தெரியுதுல்ல. நீ அடி, பிள்ளை."

நான் கத்தினேன். கீழே கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கத்தியதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை, அந்த நேரத்தில் நம் இருவரில் யாராவது ஒருத்தி கத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. நீங்கள் அடுத்த தாளை விரித்தீர்கள். உங்கள் தலைமுடி அந்தத் தாளில் போய் ஒட்டிக்கொண்டது. மின்சாரம் ஏறிய தாள், தூசி தும்பு எல்லாவற்றையும் இழுக்கும். ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தீர்கள். கை மட்டும் நடுங்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மை காய்ந்ததும் கடை கடையாக ஏறி இறங்கினோம். கீழே நசி கண்டார் கடை வைத்திருந்த நானாவிடம் முதலில் போனோம். அவர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, பேயக் கொண்டாந்து ஒட்டுறீங்க. பிள்ளைங்க பயந்துக்கும்லா" என்றார். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தார். வாசலுக்கு நேரே இருந்த பெரிய கண்ணாடியைத் தானே ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். மற்றவர்களும் இடம் கொடுத்தார்கள். ஆனால் தெருவில் போனவர்கள் ஒருவரும் நிற்கவில்லை. ஏதோ பேய்ப்படத்து விளம்பரம் என்று நினைத்து இரண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போனார்கள். நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு மாலை நானா கடைக்கு எதிர்ப்பக்க அஞ்சடியில் நின்றோம். வானம் மூடிக்கொண்டு வந்தது. நீங்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பொறுமை இழந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து நானா கடைக்குள் விளக்கைப் போட்டார்.

முதலில் எனக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியில் உங்கள் அப்பா நின்றார். வெள்ளை மை பின்னால் வந்த வெளிச்சத்தை மறைத்து நிழலாகிவிட்டது. மை விழாத இடமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. நரைத்த தலை நரைத்த தலையாக, கறுத்த முகம் கறுத்த முகமாக, அந்த நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிந்தது. "அக்கா, கடையப் பாருங்க" என்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பார்த்ததும் உங்கள் இரண்டு கையும் வாய்க்குப் போயின. வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்கள் அழவில்லை, அப்போதுதான் அழுதீர்கள்.

தெருவில் நடை தளர்ந்தது. ஒருவர் நின்றார், அவரைப் பார்த்து இன்னொருவர் நின்றார். பஸ் கண்டக்டர் தம்பி ஒருவர் சாப்பிட வந்தவர், கதவில் கை வைத்தபடியே நின்றுவிட்டார். நாம் ரோட்டைத் தாண்டி ஓடினோம்.

"இந்தப் பெரியவரா? நம்ம பஸ்லதான் வந்தாரு. பாலிக் புலாவ் வரைக்கும். கடசி ஸ்டாப்பு, எறங்குங்கன்னா எறங்க மாட்டேன்னாரு. யாரையோ தேடி வந்தேன்னாரு."

"எப்ப தம்பி?" என்று கேட்டீர்கள்.

"வெள்ளிக்கெழம. இன்னிக்கு மத்தியானம்கூட இந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் போனேன் அக்கா. வேற யாரோன்னு நெனச்சேன்."

நானா கல்லாவை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வேன் சாவியை எடுத்தார். பாலிக் புலாவ் போகிற மலைப்பாதை உங்களுக்குத் தெரியும், வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை இறங்கிய மனிதர். நடுவில் சனி, இதோ ஞாயிறும் முடிகிறது. அந்தக் கணக்கை நாம் மூவரும் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் பிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் போகிற பாதையைப்போல் நீளமான பாதை உலகத்தில் கிடையாது, அக்கா.

சந்தைப் பக்கம் விசாரித்ததில் ஒருவர் கை காட்டினார். சாதிக்காய்த் தோட்டத்தை ஒட்டிய பலகை வீடு. ஒரு மலாய் அம்மா விளக்கோடு வாசலுக்கு வந்தார். முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டிருந்தவரை அழைத்து வந்து உடை மாற்றி, கஞ்சி கொடுத்து வைத்திருந்தார். கிராமத் தலைவரிடம் சொல்லியிருக்கிறாராம். பெரியவர் பேசுவது ஒன்றும் புரியவில்லை, ஓயாமல் எதையோ கேட்கிறார், அதைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கிறது என்றார்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, கால் வீங்கியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டீர்கள்.

"அப்பா, நான் வந்திட்டன்." அவரிடம் மட்டும் நீங்கள் பேசுகிற யாழ்ப்பாணப் பேச்சு.

அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஆர் நீங்கள்? என்ர மகளைக் கண்டனீங்களோ? பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரேல்லை."

அவர் வழி தவறிப் போகவில்லை, அக்கா. உங்களைத் தேடிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்கியிருக்கிறார். நாம் அவரைத் தேடிய அத்தனை நேரமும் அவர் உங்களைத் தேடிக்கொண்டிருந்தார். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூட நான் துணிந்ததில்லை. நீங்கள் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"கண்டனான். எழும்புங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

பிளாஸ்கைத் திறந்து ஊசியைப் போட்டீர்கள். வேனில் பின்சீட்டில் அவரை ஏற்றினோம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு. நீங்கள் பக்கத்தில் உட்காரப் போனீர்கள். அவர் கையை நீட்டித் தடுத்தார். "இதில இருக்காதேங்கோ. என்ர மகள் வந்து இருப்பா." நீங்கள் இறங்கி, முன்னால் நானாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். அவரைத் தனியாக விட முடியாதே என்று நான் பின்னால் ஏறினேன். என்ன தோன்றியதோ, எனக்கு இடம் விட்டார். கொஞ்ச தூரம் போனதும் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"வந்திட்டியே குஞ்சு? எங்க போனனி? உன்னைத் தேடித் தேடி எனக்குக் கால் ஓஞ்சு போச்சு."

நான் உங்கள் பின்னந்தலையைப் பார்த்தேன். உங்கள் தோள் இறுகியது தெரிந்தது. நீங்கள் திரும்பவில்லை.

"பதில் சொல்லு பிள்ளை" என்றீர்கள்.

"வந்துட்டேன்பா" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். ஆஸ்பத்திரி வரும்வரை நீங்கள் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தார். உங்களை நர்ஸ் என்றார், வீட்டுக்காரம்மா என்றார், சில நாள் ஒன்றும் சொல்லமாட்டார். நான் வாசலில் கால் வைத்ததும் மட்டும் முகம் மலரும். "வா, குஞ்சு" என்பார். அந்த நேரம் பார்த்து உங்களுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். தேநீரோடு திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டுதான் வருவீர்கள். இரண்டு நாள் நான் வராவிட்டால் போன் செய்து, "ஏன் பிள்ளை வரல? அப்பா தேடுறாரு" என்பீர்கள். அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்கு இப்போதுதான், எனக்கே வயதான பிறகுதான், புரிகிறது.

எனக்கு என் அப்பா முகம் ஞாபகமில்லை, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். என்னைக் குஞ்சு என்று கூப்பிட்ட ஒரே மனிதர் உங்கள் அப்பாதான். அது உங்கள் செல்லப் பெயர், அக்கா. ஒரு நாளாவது கோபித்துக்கொண்டு திருப்பிக் கேட்டிருக்கலாம் நீங்கள். கேட்கவே இல்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.