நடுத் தட்டு

குன்னூர்
18.10.1976

அன்புள்ள பாலாமணிக்கு,

குமாரசாமி எழுதுவது. நான் நலம். அன்னூரிலிருந்து தனபாக்கியம் அக்கா வந்திருக்கிறாள். அவளும் நலம், அதனால் வீட்டில் மற்றவர் நலமாக இருப்பது கொஞ்சம் கடினம். தேவர்சோலையில் மழை எப்படி? பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதை எஸ்டேட் ஆபீசில் மறுபடி சொன்னாயா? முதல் தடவை சொல்வது அவர்கள் காதில் விழுவதில்லை.

போகும்போது நீ கேட்டது ஒன்றுதான். “படுக்கையறை அலமாரியில எனக்குன்னு ஒரு தட்டு காலி பண்ணி வையுங்க. பண்ணிட்டு எழுதுங்க, வர்றேன்” என்றாய். மே மாதம் கல்யாணமாகி வந்தவள் செப்டம்பர் வரை இரும்புப் பெட்டிக்குள்ளிருந்தே எடுத்து உடுத்தினாய். நீண்ட லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்போது, மாற்றல் கிடைக்கும்வரை சனி ஞாயிறு வந்து போகிறேன் என்றவள் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனதை நான் கவனிக்காமல் இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் நீ வரவில்லை.

ஆகவே அலமாரியைத் திறந்தேன். இந்தக் குவார்ட்டர்ஸைக் கட்டிய வெள்ளைக்காரன் மனிதனுக்கு இரண்டு சட்டை போதும் என்று கண்டறிந்த ஞானி. சுவரில் ஒரு பள்ளம், அதில் மூன்று தட்டு, மூடினால் திறக்காத ஒரு கதவு. திறந்ததும், ஈர நாய் ஒன்று அந்துருண்டையை விழுங்கிவிட்டு மூச்சு விட்டதுபோல் ஒரு வாடை வந்தது. மேல் தட்டில் எலி பிரசவம் பார்த்துக்கொண்ட ஸ்வெட்டர், ரப்பர் இளகி ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்த வெந்நீர்ப் பைகள், இடது கைக்கு மட்டுமான கையுறைகள். என் குரங்குக் குல்லாய்க்குள் ஒரு கரப்பான்பூச்சி பென்ஷனில் இருந்தது. நான் குறுக்கிட்டதை அது விரும்பவில்லை. அந்தக் குல்லாயைப் போட்டுக்கொண்டுதான் போன மார்கழி முழுதும் வேலைக்குப் போனேன் என்பதை நினைத்தால் இன்னும் தலை அரிக்கிறது.

நடுத் தட்டில் மல்லிகாவின் சேலைகள். அவள் என்னை விட்டுப் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவற்றைத் தொட வேண்டாம் என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதி இரண்டு தட்டில் உனக்கு இடம் பண்ண வேண்டும். ஸ்டோர்ஸ் கீப்பராகத் தலை நரைத்தவனுக்கு இது பெரிய வேலையில்லை என்று நினைத்தேன்.

தச்சர் மரியஅந்தோணி வந்து பார்த்தார். “உள்ளே ஒரு அரைத்தட்டு அடிச்சிடலாம் சார், கதவுக்குப் பின்னாடி கொக்கி போட்டா ஒரு பீரோவே மிச்சம்” என்றார். அடித்தார். இப்போது கதவுக்குப் பின்னால் கோட், குடை, பெல்ட் எல்லாம் தூக்குப் போட்டுக்கொண்டு தொங்குகின்றன. கதவைச் சாத்த முடிவதில்லை. அக்கா ஸ்வெட்டர்களைச் சுருட்டித் தலையணை உறைகளில் திணித்தாள். கம்பளிகளை மடித்து அவற்றின்மேல் உட்கார்ந்து காற்றை வெளியேற்றினாள். அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்ள இனி எனக்கு மனம் வராது.

கடைசியாக அவள் கண் கீழ்த் தட்டில் எரிந்த நாற்பது வாட் பல்பின்மேல் விழுந்தது. மழைக்காலத்தில் துணி ஈரம் வாங்காமல் இருக்க இந்த மலையில் எல்லோரும் அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது உனக்குத் தெரியும். அன்னூரில் தெரியாது. “ஏன்டா கொமாரு, பட்டப்பகல்ல உள்ளுக்குள்ள லைட்டு எரியுது, துணியெல்லாம் பரிச்சைக்குப் படிக்குதா?” என்றாள். துணி கருகாமல் இருக்கப் பல்பைச் சுற்றி ஒரு சாண் காலியாக விட வேண்டும். அந்த ஒரு சாண்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு பல்பு ஒரு தட்டையே முழுங்குதே” என்று ஸ்டூலில் ஏறி, சுவரின் மேலே ஓடிய வயரோடு அதைக் கழற்றிவிட்டாள். நான் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

முடிவாக, மேல் தட்டின் வலது ஓரத்தில் ஒன்பது அங்குலம் உனக்காகத் தயார். இனி நீ வருவதற்குத் தடை இல்லை.

இப்படிக்கு,
குமாரசாமி


குன்னூர்
29.11.1976

அன்புள்ள பாலாமணிக்கு,

உன் கார்டு கிடைத்தது. “தட்டுத்தான் கேட்டேன். இடுக்கு கேட்கவில்லை” என்று ஒரே வரி. மற்ற இடமெல்லாம் வெற்றாகக் கிடந்தது. எவ்வளவு இடத்தை வீணாக்குகிறாள் பார் என்றாள் அக்கா.

அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் எழுதவில்லை. பிறகு அலமாரி எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது.

இந்த மாதம் மழை விடவேயில்லை. மேகம் ஜன்னல் வழியாக வந்து, வாடகை கொடுப்பதுபோல் உரிமையோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. அலமாரியிலிருந்து முதலில் ஒரு புளித்த வாடை வந்தது. ரேஷன் அரிசி என்று நினைத்து ரேஷன் கடைக்காரனைத் திட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை சால்வை எடுக்க உள்ளே கைவிட்டேன். கை எதையோ தொட்டது. மயிர் முளைத்த ஏதோ ஒன்று, ஈரமாக, கொழகொழவென்று. செத்த எலி என்று நினைத்தேன். எலியாக இருந்திருந்தால் தேவலை.

சேலைகள். நடுத் தட்டில் மேலிருந்து கீழ்வரை பூஞ்சணம். வெள்ளையாகக் கொஞ்சம், பச்சையாகக் கொஞ்சம், விளிம்பில் கறுப்பு. மல்லிகாவின் கல்யாணப் பட்டை இழுத்தேன், தயிர்மேல் ஆடைபோல் விரலோடு வந்தது. இந்த மலையில் இத்தனை வருஷம் கழித்தவன் நான். ஈரம் துணியை என்ன செய்யும் என்று அன்னூர்க்காரிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஸ்டூலைப் பிடித்தவனுக்குத் தெரியும். அந்தச் சேலைகளைத் தொடாமல் இருப்பதற்காகப் பல்பைக் கழற்ற விட்டேன். அந்தச் சேலைகளே போயின. இவ்வளவு அருவருப்பை ஒரே நாளில் நான் அனுபவித்ததில்லை, அதில் பாதிதான் அலமாரியின்மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் நீ விட்டுப்போன அரக்குச் சேலையை, வெளியே தொங்கினால் இடம் வீண் என்று, அக்கா சுருட்டி அந்த ஒன்பது அங்குலத்தில் திணித்திருந்தாள். அதுவும் தப்பவில்லை. துடைத்து, உலர்த்தி, பவுடர் தூவி, மறுபடி துடைத்தேன். முந்தானையில் உள்ளங்கை அளவு கறை நிற்கிறது. கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை உன்னை ஆணியில் மாட்ட வைத்தவன் நான். கறையைப் பற்றி நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

ஸ்டோர்ஸில் சேருகிற பையனுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுப்போம். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் பழையதும் கெடும், புதியதும் கெடும். இதை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

மல்லிகாவின் சேலைகளைச் சலவைக்குப் போட்டாலும் தேறாது. குப்பையில் போட மனம் வரவில்லை. குளியலறை பாய்லரில், விறகு வைக்கும் இடத்தில், ஒவ்வொன்றாக வைத்தேன். பட்டு எரிந்தால் தலைமுடி எரிகிற வாடை வரும். வந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு தண்ணீர் சுட்டது. குளித்தேன்.

அக்கா மறுநாள் காலை அன்னூருக்குப் புறப்பட்டாள். பஸ் ஏறும்போது, “அந்தப் புள்ளைகிட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லு, நல்ல நெனப்புலதான் பண்ணேன்” என்றாள். சொல்லிவிட்டேன்.

மரியஅந்தோணியைக் கூப்பிட்டு அரைத்தட்டையும் கொக்கிகளையும் பிடுங்கச் சொன்னேன். “நல்லாத்தானே சார் இருந்துச்சு? அம்மா வர்றாங்களா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் அதற்குமேல் கேட்காமல் ஆணி பிடுங்கினார். தட்டுகளைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். என் துணிகள் மேல் தட்டில் அடங்கிவிட்டன. அடங்காதவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வெள்ளைக்காரன் கணக்கு தப்பில்லை, இரண்டு சட்டை போதும்போல் இருக்கிறது.

கீழ்த் தட்டில் பழையபடி நாற்பது வாட் பல்பு போட்டிருக்கிறேன், சுற்றி ஒரு சாண் விட்டு. பகலிலும் எரிகிறது. நடுத் தட்டில் ஒன்றும் இல்லை. அரக்குச் சேலை மறுபடி அறைக் கதவின் ஆணியில்தான் இருக்கிறது. அதை எடுத்து நடுத் தட்டில் வைக்கப் போனேன், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். அங்கே எதை வைப்பது என்று இனி நான் சொல்லக் கூடாது.

மழைக்குக் கூடலூர்ப் பாதை எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. சனிக்கிழமை காலை பஸ் ஊட்டிக்கு வரும் நேரத்துக்கு நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ அதில் இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன். இறங்கியதும் பெட்டியை நீ தூக்க வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முன் நடுத் தட்டில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருக்கிறது. குளிரில் வருகிறவள் நீ. காதை மூடி, சால்வை போர்த்திக்கொண்டு, பத்திரமாக வந்து சேர வேண்டும்.

உன்,
குமாரசாமி